மல்லாட்டைத் தோலும் என் வீட்டுக்காரர் கதையும்

எங்கள் பக்கம் கொஞ்ச வருஷமாக ஒரு நல்ல பைத்தியம் பிடித்திருக்கிறது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒருவர் கதை எழுதுகிறார், இன்னொருவர் படம் போடுகிறார், இரண்டும் வராதவர் சிந்திக்கிறார். கூத்துக்காரர்கள் புதுக்கதை எழுதி வேஷம் கட்டுகிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குள் வாழைப்பழக் கடைக்கும் பெல்ட் கடைக்கும் நடுவில் ஒரு புத்தகக் கடை வந்து, இன்னும் மூடாமல் இருக்கிறது. நான் பெண்கள் பள்ளியில் வரலாறு எடுக்கிறவள். மறுமலர்ச்சி என்று ஒரு பாடம் உண்டு. அது எங்கேயோ இத்தாலியில் நடந்தது என்றே இருபது வருஷம் ஒப்பித்துவிட்டேன். இப்போது "நம்ம ஊர்லயும் நடக்குதுடி, ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு" என்று சொன்னால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இந்த மறுமலர்ச்சிக்கு நான் செய்த சேவையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஐம்பத்துநான்கு வயதில் முதல்முறையாக ஒரு கதை எழுதினார். அது அவருடையது என்று தெரியாமல், பத்துப் பேர் நடுவில் வைத்து அதை நார் நாராகக் கிழித்தவள் நான். அந்தக் கதை எங்கள் தொகுப்பில் சேர்ந்தால் தொடர்ந்து எழுதுவது, சேராவிட்டால் பேனாவை மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பது என்று அவர் முடிவு பண்ணி வைத்திருந்தார். அதுவும் எனக்குத் தெரியாது.

நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு கூடுவது திண்டிவனத்தில், ஒரு மல்லாட்டை மண்டியின் மாடியில். கீழே மூட்டை மூட்டையாக மல்லாட்டை. வேர்க்கடலை என்று சொன்னால் எங்கள் பக்கத்து வாய்க்கு அது வேறு எதுவோ. மண்டிக்காரர் மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம், எல்லாரும் அவரை நயினார் என்றுதான் கூப்பிடுவோம். பழைய தமிழில் எதைக் கேட்டாலும் அருவி மாதிரி கொட்டுவார். புதுக் கவிதை என்றாலும் காது கொடுப்பார், முகத்தை மட்டும் கொஞ்சம் சுளிப்பார். பொழுது சாய்ந்தபின் அவர் சாப்பிடுவதில்லை. அதனால் ஐந்தரைக்கு அவருடைய டிபன் கேரியர் திறக்கும் சத்தம் கேட்டதும் யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். "இலக்கியம் காத்துக்கினு இருக்கும்மா, சூரியன் காத்துக்கினு இருக்காது" என்பார்.

எங்கள் வழக்கம் இதுதான். கதை எழுதியவர் பெயர் போடக் கூடாது. பெயரைத் தனிக் கவரில் ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். கதையை வேறு ஒருவர் படிப்பார். எழுதியவர் கூட்டத்தில் ஒருவராக, முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் யார் எழுதியது என்று கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் ஓட்டு. நடுவில் மல்லாட்டை அளக்கிற ஒரு பித்தளைப் படி இருக்கும், அதன் மேல் துணி மூடியிருக்கும். தொகுப்பில் சேர்க்கலாம் என்றால் ஒரு முழு மல்லாட்டை போட வேண்டும், வேண்டாம் என்றால் வெறும் தோல். ஓட்டு எண்ணிய பிறகுதான் கவரைப் பிரிப்போம்.

இன்னொரு விதியும் உண்டு. தள்ளுபடியான கதை மறுபடி வர வேண்டுமானால், அதற்குத் தோல் போட்டவரே எழுந்து நின்று, தான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு ஆள் எழுந்ததில்லை. எழுதுகிறவர்கள் கூடும் இடத்தில் எப்படி எழுவார்கள்?

அந்தக் கூட்டத்தில் என் பெயர் கெட்ட பெயர். மூன்று வரி கேட்டால் போதும், யார் எழுதியது என்று மனசுக்குள் எழுதி வைத்துவிடுவேன், கவர் பிரித்ததும் "நான்தான் அப்பவே நினைச்சேனே" என்பேன். அதில் எனக்குக் கர்வம் ஏராளம். கோபமும் ஏராளம். கதை சரியில்லை என்றால் பிபி ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் எறிந்த கை சும்மா இருக்குமா?

வீட்டுக்காரருக்கு விழுப்புரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. கிணற்றில் எரிந்துபோன மோட்டாரை விவசாயிகள் கொண்டுவந்து போடுவார்கள், இவர் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி உயிர் கொடுப்பார். மோட்டார் ஏற்றுகிற சின்ன வேனில்தான் என்னை ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போவார். நாங்கள் பேசப் பேச, இவர் ஜன்னலோரமாக ஒரு மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். "சாரு நல்லா தூங்குறாரு, குடுத்து வச்சவரு" என்று வளவனூர் ஓவியர் சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று வருஷமாக அந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றைக்குக் கதையைப் படித்தவர் எங்கள் கவிஞர். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போடும்போது கூட வலிக்காத குரல். கவர்களை வாங்கி வைப்பதும் அவர்தான் என்பதால் யார் எழுதியது என்பது அவருக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும். படிப்பதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கதை ஒரு தையல்காரரைப் பற்றியது. அவர் மனைவிக்குத் தையல் என்றால் உயிர். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருந்த ஒருத்தி, "ஜாக்கெட் கை எப்படி இருந்தா இன்னா, மூடினா போதாதா" என்று சொல்லிவிடுகிறாள். மனைவிக்குத் தாங்கவில்லை. பெரிய வாக்குவாதம். கடைசியில் "இந்த மாதிரி ஆளுங்களோட ஒரே வண்டியில வரமாட்டேன்" என்று நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுகிறாள். வெயில். தையல்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, குடையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து அவள் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் நிற்கிறார்.

அதற்குப் பிறகு கதை வேறு பக்கம் திரும்பியது. மனைவியின் அம்மா இறந்துபோகிறாள். அதிலிருந்து அவளுக்குக் கோபமே வருவதில்லை. எதற்கும் சரி, எதற்கும் ஆகட்டும். தையல்காரருக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. வேண்டுமென்றே அவள் ஜாக்கெட்டுக்கு ஒரு கையை நீளமாகவும் ஒரு கையைக் குட்டையாகவும் தைத்துக் கொடுக்கிறார். அவள் பேசாமல் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வருகிறாள். அவர் மிஷின் மேல் தலையைச் சாய்த்து அழுகிறார். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், கண்ணாடி முன்னால் நின்றவள் "யோவ், இதுக்குப் பேரு ஜாக்கெட்டா?" என்று ஒரு கத்து கத்துகிறாள். அவர் தெருவுக்கு ஓடி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுக்கிறார். கதை அங்கே முடிந்தது.

நயினார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓவியர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எனக்கோ, யார் எழுதியது என்று பிடிபடவில்லை. முதல்முறையாக! அந்தக் கடுப்பையெல்லாம் கதை மேல் காட்டினேன்.

"நான் கேக்குறேன்," என்று ஆரம்பித்தேன். "ஒரு ஜாக்கெட் கைக்காக எந்தப் பொம்பளையாவது நடுவழியில பஸ்ஸ விட்டு எறங்குவாளா? ஒலகத்துல அப்படி ஒருத்தி இருக்காளா? யாராவது காட்டுங்க, பாக்கலாம்."

யாரும் காட்டவில்லை. நர்ஸ் கையில் இருந்த தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஓவியருக்குத் திடீரென்று இருமல் வந்தது. எனக்கு இன்னும் ஏறியது.

"சிரிக்காதீங்க சார். இந்தப் பொம்பளைக்குப் புத்தி சரியில்லன்னு எழுதியிருந்தாலாவது ஒத்துக்கலாம். அப்புறம் அந்த ஆளு. வேணும்னே கோணையா தச்சிட்டு அவரே ஒக்காந்து அழறாராம். இது கதையில்ல, கண்ணீர் வியாபாரம். எழுதினவரு யாரா இருந்தாலும் சரி, பொம்பளைங்களப் பத்தி ஒண்ணும் தெரியாது. வீட்ல ஒரு பொம்பளையோட வாழ்ந்து பாத்துட்டு எழுதச் சொல்லுங்க."

நயினார் மெதுவாக, "டீச்சரம்மா, கொஞ்சம் நிதானமா யோசிச்சிச் சொல்லுங்களேன். அந்தப் பொண்ண எங்கியோ பாத்த மாதிரி இல்ல?" என்றார். விதியை மீறாமல் ஒரு மனுஷனால் அதற்கு மேல் எப்படிச் சொல்ல முடியும்? நான்தான் மரமண்டை. "நான் பாத்ததில்லீங்க" என்று முடித்துவிட்டு, ஒரு மல்லாட்டையை உரித்து, பருப்பை வாயில் போட்டுக்கொண்டு தோலைப் படியில் போட்டேன்.

ஐந்தரைக்குள் முடிக்க வேண்டுமே என்று நர்ஸ் துணியை எடுத்து எண்ணினார். ஐந்து முழு மல்லாட்டை, ஆறு தோல். அதில் ஐந்து தோல் எனக்குப் பயந்து விழுந்தவை என்று பிற்பாடு அவரவர் வந்து ஒப்புக்கொண்டார்கள். கதை தள்ளுபடி. கவரைப் பிரித்த நர்ஸ் பெயரைப் படித்தார்.

என் வீட்டுக்காரர் பெயர்.

ஜன்னலோரம் பார்த்தேன். மூட்டையில் சாய்ந்திருந்தவர் கண்ணைத் திறந்திருந்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "சும்மா எழுதிப் பாத்தேன். இத்தோட போதும்" என்று சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. போன வருஷம் பஸ்ஸில் ஒருவர், "கதையெல்லாம் வேலை இல்லாதவங்க படிக்கிறது" என்று சொல்ல, அவரோடு கத்திச் சண்டை போட்டு விக்கிரவாண்டியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கியது யார்? நான். அதைக் கொள்கைப் போராட்டமாக இதே மாடியில் வந்து பெருமையடித்தது யார்? அதுவும் நான். குடையோடு வந்து நின்றது அவர். அம்மா போன பிறகு மூன்று மாதம் வாயைத் திறக்காமல் நடமாடியதும் நான்தான். அந்தச் சமயத்தில் என் புத்தக அலமாரியை யாரோ கலைத்து, வரலாற்றுப் புத்தகங்களுக்கு நடுவில் மோட்டார் கம்பெனி கேட்லாக்கைச் சொருகி வைத்திருந்தார்கள். ஒருநாள் அதைப் பார்த்துக் கூரை பிய்த்துக்கொண்டு போகக் கத்தினேன். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே வெளியே போன மனுஷன் ஒரு கிலோ ஜிலேபியோடு திரும்பி வந்தார். "நான் கத்திக்கினு இருக்கேன், உங்களுக்கு ஜிலேபி கேக்குதா?" என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

அலமாரியை ஜாக்கெட்டாக மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். ஊரில் உள்ள கையெழுத்தையெல்லாம் மோப்பம் பிடிப்பவளுக்குத் தன்னையே தெரியவில்லை.

கீழே இறங்கும்போது நர்ஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அக்கா, அண்ணன் எங்கிட்ட கவரு குடுக்கும்போதே சொன்னாரு. இது சேந்தா எழுதுவேன், இல்லன்னா மோட்டாரே போதும்னு. எனக்குச் சொல்ல முடியல, விதி. மன்னிச்சிக்குங்க."

வேனில் விழுப்புரம் வரும்வரை தைரியம் வரவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றபோதுதான் கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் காட்டல?"

"காட்டியிருந்தா நீ திருத்தியிருப்ப."

"நல்லா வந்திருக்குமே."

"நல்லாதான் வந்திருக்கும். ஆனா அதுல நான் இருந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் கேட்டைத் திறந்தார். அவருக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு அது பழகிய இடம், சமாளித்திருப்பேன்.

அடுத்த இரண்டு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கம். பால்காரன் தண்ணீரைப் பாலென்று ஊற்றினான், வாங்கி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் இத்தாலியை ஆப்பிரிக்காவில் குறித்தாள், பரவாயில்லை என்று டிக் போட்டேன். வீட்டுக்காரர் முதல் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட்டார். நான் எடுத்துக் காயவைத்தேன். ஐந்தாம் நாள் சாப்பிடும்போது, "கதையெல்லாம் இன்னா பெரிய விஷயம், ஒரு சினிமாவுக்கு ஈடாவுமா?" என்றார். சொன்னவர் தட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "ஆமாங்க" என்றேன். அவர் கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது.

அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. கதையில் அழுதவர் இவர்தான், இந்த மனுஷன் நிஜமாகவே அழுதிருக்கிறார், கடையில் செம்புக் கம்பிகளுக்கு நடுவில், யாருக்கும் தெரியாமல். அதைத்தான் நான் கண்ணீர் வியாபாரம் என்றேன். பாவி! அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

அடுத்த கூட்டத்து ஞாயிற்றுக்கிழமை, "நான் வண்டியிலயே இருக்கேன், நீ மேல போய்ட்டு வா" என்றார். "மரியாதையா மேல வாங்க" என்றேன். வந்து பழைய மூட்டையில் உட்கார்ந்தார். இந்தமுறை கண்ணை மூடவில்லை.

எல்லாரும் வந்து சேர்ந்ததும் எழுந்து நின்றேன். "போன தடவ தள்ளுன கதைக்கு நான் தோல் போட்டேன். நான் சொன்னது தப்பு. அது நல்ல கதை. திரும்ப எடுத்துக்குங்க" என்றேன்.

ஓவியர் வாயில் போட்ட மல்லாட்டையை மெல்லாமல் உட்கார்ந்திருந்தார். நயினார், "இன்னொருதபா சொல்லுங்கம்மா, காதுல சரியா விழல" என்றார். சரியாகத்தான் விழுந்தது, மனுஷனுக்குக் குசும்பு. இன்னொரு தடவையும் சொன்னேன். நர்ஸிடமிருந்து தாளை வாங்கினேன். "எழுதுனவர் படிக்கக் கூடாதுன்னுதான் விதி. எழுதுனவரோட பொண்டாட்டி படிக்கக் கூடாதுன்னு எங்கியும் இல்லையே?"

படித்தேன். பஸ்ஸிலிருந்து மனைவி இறங்குகிற இடத்தில் எல்லாரும் வெளிப்படையாகவே சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை ஜாக்கெட் வரும் இடத்தில் எழுத்து கலங்கி, கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. நயினார் சூரியனைக் கூடப் பார்க்கவில்லை.

படி சுற்றி வந்தது. துணியை எடுத்து எண்ணினால் பத்து முழு மல்லாட்டை, ஒரு தோல். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஓவியர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, பேசிக்கினே இருந்ததுல பருப்பத் தின்னுட்டேன்! எனக்குப் புடிச்சிதான் இருக்கு சார், சத்தியமா!" ஒரு தோலோடு கதை ஜெயித்தது. நயினார் டிபன் கேரியரைத் திறந்து, முதல் இட்லியை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் வைத்தார். இவர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

திரும்பும்போது வெயில் தணிந்து, ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்பு பச்சையாக நின்றது. எனக்கு மனசு லேசாக இருந்தது. "சொல்லுங்க, நான் எப்படிப் படிச்சேன்?" என்று கேட்டேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"நல்லாதான் படிச்ச," என்றார். "ஆனா அந்தப் பொம்பள பஸ்ஸுல சண்ட போடுற எடத்துல சத்தம் பத்தல. உப்புச்சப்பு இல்லாம இருந்துச்சு."

"இன்னாது? சத்தம் பத்தலயா? எனக்கா? நான் படிச்சது உப்புச்சப்பு இல்லாம இருந்துச்சா? பத்துப் பேரு எதிர்ல எழுந்து நின்னு, மானத்த வுட்டு, உங்களுக்காக..." ஆரம்பித்தேன். இரண்டு வாரமாக அடைத்து வைத்ததெல்லாம் மடை திறந்துகொண்டது. பால்காரன், ஈரத்துண்டு, இத்தாலி, சினிமா, மூன்று வருஷமாகத் தூங்குவதுபோல நடித்தது என்று ஒன்றையும் விடவில்லை.

அவர் வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். முன்னால் கிடந்த கடை பில் புத்தகத்தை எடுத்துத் திருப்பி, மடியில் வைத்து, பின்பக்கத்தில் வேகமாக எழுத ஆரம்பித்தார்.

"இன்னா எழுதுறீங்க?" என்று கத்தினேன்.

"நீ நிறுத்தாத," என்றார் தலை நிமிராமல். "பேசிக்கினே இரு."